நாளைக்கு வாங்கோ



பொய் என்று எவருமே கணக்கெடுக்காத ஒரு பொய் நம் ஊர்களிலே நாள்தோறும் சொல்லப்படுகிறது. தையற்கடையில் சொல்லப்படுகிறது, நகை செய்யும் பட்டறையில் சொல்லப்படுகிறது, எல்லாவற்றிலும் கூடுதலாக, ஒற்றை ஆளாய் நின்று வாகனம் திருத்துகிறவரின் கராச்சில் சொல்லப்படுகிறது. “நாளைக்குப் பின்னேரம் வாங்கோ அண்ணை, கட்டாயம் முடிச்சு வைக்கிறன்.” நாளைக்கு முடியாதென்று சொல்லுகிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். ஆனாலும் சொல்லாவிட்டால் வந்தவர் வாசலை விட்டு நகர மாட்டார். ஆகவே சொல்லி அனுப்புகிறார். அடுத்த நாள் அவர் வரும்போது வேறொருவரின் வானுக்குக் கீழே படுத்துக்கிடக்கிறார்.

இந்த மனிதரை இகழ்வதற்காக நான் இதை எழுதவில்லை. நம் குடும்பங்கள் பலவும் இப்படியொரு கராச்சை நம்பியே ஓடுகின்றன. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராதபோது, சிறிதளவு பெற்றோல் விட்டு இயந்திரத்தைத் தொடக்கிப் பின் மண்ணெண்ணெயில் பழைய மொறிஸ் மைனரையும் ஒஸ்ரினையும் ஓடவைத்தவர்கள் இவர்களே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்கள் 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வரத் தொடங்கின. அந்த ஐந்து வருடமும் புதியது வாங்க முடியாத மக்களின் பழையதையெல்லாம் ஓட்டத்தில் வைத்திருந்தவர்களும் இவர்களே. ஒரு தகரக் கொட்டில், ஒரு குழி, ஒரு ஜக், சுவரிலே ஸ்பனர்கள். முதலாளியும் அவர்தான், தொழிலாளியும் அவர்தான், கணக்கப்பிள்ளையும் அவர்தான்.

அவருடைய ஒரு நாளைச் சற்றுப் பாருங்கள். காலமை ஏழரைக்குக் கதவைத் திறக்கிறார். நேற்றுக் கழற்றிய கிளச்சைப் பூட்டவேண்டும். உடுப்பு மாற்றுவதற்குள் ஒரு மோட்டார் சைக்கிள் வருகிறது. “தம்பி, ஒரு நிமிச வேலை.” பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டினால் இருபது நிமிடம் போய்விட்டது. கைத்தொலைபேசி அடிக்கிறது. கிளச்சுக்குக் கீழே போகிறார். ஒரு சிறு பாகம் தேய்ந்திருப்பது அப்போதுதான் தெரிகிறது. கையைத் துடைத்துக்கொண்டு உதிரிப்பாகக் கடைக்கு ஓடுகிறார். வாங்கி வந்து பார்த்தால் வேறு மொடலின் பாகம், திரும்பவும் ஓடுகிறார். இரண்டு ஓட்டத்துக்கிடையில் ஒருவர் ஓட்டோவை வாசலில் விட்டுவிட்டுத் திறப்பையும் கொடுத்துவிட்டுப் போகிறார். மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்கு. பின்னேரம் ஆறு மணிக்குப் பார்த்தால் நான்கு வாகனம் கழற்றியபடி நிற்கின்றன, ஒன்றாவது முடியவில்லை. அவர் சோம்பேறியல்லர், பகல் முழுவதும் இருந்ததே இல்லை. ஆனால் அன்று ஒரு சதமும் கைக்கு வரவில்லை. இரவு பத்து மணிக்கு வீட்டுக்குப் போகும்போது பிள்ளைகள் உறங்கிவிட்டன.

விடுதலைப் பயண நூலின் பதினெட்டாம் அதிகாரத்தில் இதே காட்சி உண்டு. மோசே காலை முதல் மாலைவரை தனியாக இருந்து மக்களுக்கு நீதி வழங்கிக்கொண்டிருக்கிறார். பார்க்க வந்த மாமனார் இத்திரோ, நீர் செய்வது சரியன்று என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். இப்பகுதியை விளக்குகிறவர்கள் பொறுப்பைப் பகிர்ந்து கொடுத்ததைப் பற்றியே பேசுவது வழக்கம். ஆயிரம்பேருக்கு ஒரு தலைவன், நூறுபேருக்கு ஒரு தலைவன் என்று மோசே நியமித்தார், உண்மைதான். ஆனால் நம் கராச்காரருக்கு நியமிப்பதற்கு எவர் இருக்கிறார்? கையுதவிக்குப் பொடியன் பிடித்தால் ஆறு மாதத்தில் தொழில் பழகிக்கொண்டு வெளிநாட்டுக்குப் போய்விடுகிறான். ஆகவே இத்திரோவின் சொல்லில் வேறொன்றைத்தான் அவர் கவனிக்கவேண்டும். நீர் மட்டுமல்ல, உம்மோடு நிற்கும் இந்த மக்களும் களைத்துப்போவார்கள் என்பது அந்த முதியவர் கண்டது. எல்லாரையும் ஏற்றுக்கொள்வதால் எல்லாருக்கும் உதவுகிறேன் என்று மோசே எண்ணியிருப்பார். வரிசையிலே காலை முதல் நின்றவனைக் கேட்டால் அல்லவா தெரியும்!

எல்லாரையும் ஏற்றுக்கொள்ளுவதுதான் கிறிஸ்தவ அன்பு என்று எண்ணுகிறவர்கள் மாற்கு நற்செய்தியின் முதலாம் அதிகாரத்தை மெதுவாக வாசிக்கவேண்டும். கப்பர்நாகூமில் பொழுதுபட்டபின் நகர் முழுவதுமே வாசலிலே திரண்டு நிற்கிறது. ஆண்டவர் பலரைக் குணமாக்குகிறார். மறுநாள் இருள் விலகுமுன் எழுந்து தனிமையான இடத்துக்குச் சென்று செபிக்கிறார். சீமோனும் கூட இருந்தவர்களும் தேடிக் கண்டுபிடித்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறார்கள். அதற்கு ஆண்டவர் திரும்பி வந்தாரா? இல்லை. அடுத்த ஊர்களுக்குப் போவோம், அதற்காகவே வந்தேன் என்கிறார். அந்த விடியற்காலையில் கப்பர்நாகூமின் வாசலில் எவராவது நோயாளியைச் சுமந்துகொண்டு வந்து நின்றிருக்கமாட்டார்களா? நின்றிருப்பார்கள். இறைமகன் மனிதனான போது ஒரு நாளுக்கு இருபத்துநான்கு மணித்தியாலம் என்ற அளவையும் ஏற்றுக்கொண்டார். எதற்காக வந்தோம் என்பது தெரிந்திருந்தபடியால் ‘இல்லை’ என்று சொல்ல அவரால் முடிந்தது. நம்மிடையே ‘இல்லை’ என்று சொல்ல முடியாத பலர் அன்பு மிகுந்தவர்களல்லர்; முகத்தாட்சணியத்துக்கு அஞ்சுகிறவர்கள். இரண்டும் வேறு.

அப்படியானால் வாசலில் வருகிற எவரையும் ஏறெடுத்துப் பார்க்கக்கூடாதா? அதே நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரம் அதற்கும் இடங்கொடுக்கவில்லை. யாயிரின் பன்னிரண்டு வயது மகள் சாகக் கிடக்கிறாள். ஆண்டவர் விரைந்து போகிறார். வழியிலே பன்னிரண்டு ஆண்டு நோயுற்ற ஒரு பெண் அவருடைய ஆடையைத் தொடுகிறாள். அவர் நிற்கிறார், அவளோடு பேசுகிறார். யாயிரின் நெஞ்சு அந்நேரம் எப்படித் துடித்திருக்கும்! ஆகவே குறுக்கே வருவதெல்லாம் நேரத்தைத் திருடுவதல்ல. வயிற்றுவலிக்காரியை ஆசுபத்திரிக்கு ஏற்றிச் செல்லும் ஓட்டோ வாசலில் நின்றுபோனால், கழற்றிய கிளச் கிடக்கட்டும். ஆனால் கண்ணாடி துடைக்கும் தடி சத்தம்போடுகிறதென்று வருகிறவர் அந்தப் பெண்ணல்லர். நாளில் ஒரு மணித்தியாலத்தை, பின்னேரம் மூன்றிலிருந்து நான்கு என்று வைத்துக்கொள்ளலாம், எவருக்கும் வாக்குக் கொடாமல் வெறுமையாக விட்டுவைக்கிறவரிடம் இரண்டு வகையினருக்கும் இடமிருக்கும். முன்னவர் எந்நேரமும் வரலாம். பின்னவர் மூன்று மணிக்கு வரட்டும்.

இனிப் பட்டறைக்குள் வருவோம். ஆண்டவர் முப்பது வயதளவுவரை ஒரு சிறு பட்டறையில் இருந்தார் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். அவர் ஏர்களும் நுகங்களும் செய்தார் என்று இரண்டாம் நூற்றாண்டின் வேதசாட்சி யுஸ்தீன் எழுதிவைத்திருக்கிறார். ஏர் என்றால் பருவம் உண்டு. முதல் மழைக்கு முன் கொடுத்தால்தான் ஏர். பின்பு கொடுத்தால் விறகு. சூசையப்பரிடம் நுகம் சொல்லிவைத்த நாசரேத்துக் கமக்காரன் எந்த நாள் என்று கேட்காமல் போயிருப்பானா? திருக்குடும்பத்தின் பட்டறையிலும் ஒரு நாள் குறிக்கப்பட்டுத்தான் இருக்கும். தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளை 1955இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதலாம் நாளில் ஏற்படுத்தினார். அந்த நாளிலே நம் ஆலயங்களில் கருவிகளை ஆசீர்வதிப்பார்கள். ஸ்பனரோடு ஒரு கொப்பியையும் கொண்டு வரலாம் என்பது என் எண்ணம்.

ஆம், நாற்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். வாகனம் வந்த நாள், சொந்தக்காரர், குறை என்ன, எந்தப் பாகம் வேண்டும், எந்த நாளுக்குச் சொன்னோம். இவ்வளவுதான். புது வாகனம் வந்தவுடனே கழற்றாமல், முதலில் குறையைப் பார்த்து, மொடலையும் சேசிஸ் இலக்கத்தையும் எழுதி, மூன்று வாகனத்துக்கு வேண்டிய பாகங்களை ஒரே முறையில் கடைக்குச் சொல்லிவிட்டால் மூன்று ஓட்டம் ஒன்றாகும். கொழும்பிலிருந்து வரவேண்டிய பாகமென்றால் அது கைக்கு வரும்வரை அந்த வாகனத்தைக் கழற்றவே வேண்டாம். ஓடக்கூடியதென்றால் சொந்தக்காரரே வைத்து ஓடட்டும். கழற்றிய வாகனம் நிற்கும் இடமும் நேரந்தான். அதன் நட்டுகள் எந்தப் பேணியில் கிடக்கின்றன என்று தேடுவதற்கும் நேரம் வேண்டும்.

தொழில் தெரிந்தவருக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. ஆனால் இவர்கள் வேலையிலே நான் வியப்பது, சில காரியங்கள் மனிதன் உறங்கும்போதுதான் நடக்கின்றன என்பது. கடற்காற்றுப் பட்ட நம் பழைய வாகனங்களில் துருவேறிய போல்ட்டுக்கு முதல்நாள் இரவே எண்ணெய் விட்டுவைத்தால் மறுநாள் இளகிக்கொடுக்கிறது. காலமை வந்து பலத்தைக் காட்டினால் தலை முறிகிறது, பின்பு துளைபோட்டு எடுக்க அரை நாள். சூடான இயந்திரத்தின் தலையைக் கழற்றினால் அது வளையக்கூடும், ஆறவிடவேண்டும். அதை முதல்நாள் பின்னேரமே வாங்கி நிறுத்திவைத்தால் இரவே ஆற்றிக் கொடுத்துவிடும். பிறேக் குழாயில் காற்று எடுப்பதென்றால் ஒருவர் பெடலை மிதிக்க, ஒருவர் கீழே இருக்கவேண்டும். தனியாளுக்கு அது மெத்தக் கரைச்சல். அப்படிப்பட்ட வேலைகளைப் பள்ளிக்கூடம் விட்டு மகன் வரும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுகிறவர், உதவிக்கு ஆளையும் பெறுகிறார், அரை மணித்தியாலம் மகனோடும் இருக்கிறார். கணக்குக் கொப்பியை மனைவி பார்த்தால் கடன் எவ்வளவு வெளியில் நிற்கிறதென்று வீட்டில் தெரியும். இதுவே அவருக்கு எட்டக்கூடிய இத்திரோவின் ஆலோசனை. லேத் வேலை, பற்றறி வேலை, ரயர் வேலை ஆகியவற்றை அவ்வவ்வாட்களிடம் விட்டுவிடுவதும் அதிலே சேர்த்தி.

நாள் குறிப்பதைப் பற்றி ஒரு சொல். வேலை நான்கு மணித்தியாலம் என்று மனம் சொன்னால் அது ஒரு தடையுமில்லாத நான்கு மணித்தியாலம். அப்படியொரு பொழுது எந்தக் கராச்சிலும் வந்ததில்லை. ஆகவே ‘வியாழன் பின்னேரம்’ என்று சொல்ல நாக்கு எழும்பும்போது ‘சனி மத்தியானம்’ என்று சொல்லுகிறவர் வாடிக்கையாளரை இழக்கப்போவதில்லை. வெள்ளிக்கிழமையே முடித்துவிட்டால் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லலாம். அந்த அழைப்பைப் பெறுகிறவரின் மகிழ்ச்சிக்கு அளவில்லை. பிந்தும் என்று தெரிந்தாலும் அதேபோல முந்திக்கொண்டு கூப்பிட்டுச் சொல்லவேண்டும். எட்டாம் கட்டளையை ஒரு கராச்சில் இப்படித்தான் அனுசரிக்கலாம்.

அவசரத்தில் வேறோர் ஆபத்தும் உண்டு. இங்கே நான் விளையாட்டாகப் பேசமாட்டேன். இரவு ஒன்பது மணிக்குக் கண் சொருகச் சொருகப் பூட்டிய சில்லில் ஒரு நட்டு இறுக்கப்படாமல் விடுபட்டால், மறுநாள் அந்த வானில் பள்ளிப் பிள்ளைகள் ஏறுகிறார்கள். ஐந்தாம் கட்டளை கத்தியைப் பற்றியது மட்டுமல்ல. பிறேக்கும் ஸ்ரேறிங்கும் சில்லும் சம்பந்தப்பட்ட வேலையை இருட்டியபின் முடிப்பதில்லை என்று ஒரு தொழிலாளி தனக்குத்தானே விதித்துக்கொண்டால், அதனால் ஒருவர் கோபித்துக்கொண்டு வேறு கராச்சுக்குப் போனாலும் போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். 321இல் கொன்ஸ்தந்தீன் மன்னன் ஞாயிறு ஓய்வைச் சட்டமாக்கியபோது, பட்டறைகள் மூடப்படவேண்டுமென்றும், கமக்காரர் மட்டும் பருவம் தவறாதிருக்க வயலுக்குப் போகலாமென்றும் விதித்தான். திருச்சபையும் கண்மூடித்தனமாக எவரையும் கட்டுவதில்லை. குடும்பத்தின் உண்மையான தேவையும் மக்களுக்கான இன்றியமையாத சேவையும் நியாயமான காரணங்கள் என்று கத்தோலிக்க மறைக்கல்வி ஏற்றுக்கொள்கிறது. ஓய்வுநாளிலே மாடு கிணற்றில் விழுந்தால் தூக்காமல் விடுவீர்களா என்று ஆண்டவரே கேட்டார். ஆனால் ஒருவருடைய மாடு ஒவ்வொரு ஞாயிறும் தவறாமல் கிணற்றில் விழுமானால், அவர் பார்க்கவேண்டியது மாட்டையல்ல, கிணற்றுக் கட்டை. திங்களிலும் செவ்வாயிலும் ‘ஒரு நிமிச வேலை’களுக்குச் சிதறிய மணித்தியாலங்களே ஞாயிறு காலமை வந்து நின்று பூசை நேரத்தைக் கேட்கின்றன. வேலை மனிதனுக்காகவேயன்றி மனிதன் வேலைக்காக அல்லன் என்ற கருத்தை 1981இல் இரண்டாம் யோவான் பவுல் மனித உழைப்பு பற்றிய தமது சுற்றுமடலில் விரித்துரைத்தார். தனியாகத் தொழில் செய்கிறவருக்கு அது மற்றவர்களைவிட மிகவும் வேண்டியது. ஏனெனில் ‘இன்றைக்குப் போதும், வீட்டுக்குப் போ’ என்று சொல்ல அவருக்கு மேலே ஒரு முதலாளியும் இல்லை.

இவ்வளவும் கராச்காரருக்கு. வாகனம் வைத்திருக்கும் நம்மவர்களுக்கும் பங்குண்டு. சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குக் கொண்டுபோய், “காலமை பூசைக்குப் போகவேணும், எப்பிடியும் செய்து தா தம்பி” என்று நிற்கிறோம். நாம் பூசைக்குப் போவதற்காக அவர் பூசையை விடவேண்டுமாம்! சுவாமிமாரின் வாகனமென்றால் வரிசை இல்லை என்ற எண்ணம் சில இடங்களில் உண்டு, அதுவும் நல்லதல்ல. திருத்திய வாகனத்தை எடுத்துக்கொண்டு, “காசு பிறகு தாறன்” என்று போகிறவர்கள், கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் தங்கக்கூடாதென்று லேவியர் நூல் கட்டளையிட்டிருப்பதை அறியார்களா? அந்தக் காசைத் தேடி அவர் நான்கு தரம் அலைந்தால் அந்த நான்கு பொழுதும் வேறொருவருடைய வாகனத்திலிருந்து களவெடுத்த பொழுதுகள்.

ஆவணியில் மடுத் திருவிழாவுக்கு வான் கொண்டுபோக எண்ணியிருக்கும் குடும்பங்கள் ஆடி மாதம் பிறந்தவுடனேயே பிறேக்கையும் றேடியேற்றரையும் காட்டிவிடட்டும். காட்டும்போது எந்த நாள் தருவீர்கள் என்று கேட்டு, அவர் சொல்லுகிற நாளை ஏற்றுக்கொண்டு, அந்த நாள் வருமட்டும் வாசலில் போய் நில்லாதிருக்கட்டும்.