யார் பட்ட கடன்?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஒருவருக்குப் பணி நிரந்தரம் தரலாமா என்று முடிவு செய்யும்போது, அவருடைய வேலையை மூன்று தலைப்புகளில் மதிப்பிடுகிறார்கள்: ஆய்வு, கற்பித்தல், சேவை. ஆய்வை முன்னிறுத்தும் பல்கலைக்கழகங்களில் சேவைக்குத்தான் மிகக் குறைந்த மதிப்பு. இந்த மூன்றாவது தலைப்பின் கீழ்தான் பெண்களின் உழைப்பில் பெரும்பகுதி காணாமல் போகிறது.

இதழியல் துறையில் பணிபுரியும் ஒரு கறுப்பினப் பேராசிரியையை எண்ணிப் பார்ப்போம். பயிற்சிக்குப் போன செய்தியறையில் தன் பேச்சை எல்லோரும் கேலி செய்வதாகச் சொல்லிக்கொண்டு ஒரு மாணவி அவர் அறைக்கு வருகிறாள். அவள் அவருடைய வகுப்பு மாணவிகூட அல்ல. ஆனாலும் வேறு யாரிடம் போவாள்? பன்மைத்துவக் குழு என்று ஒன்று அமைந்தால் அதிலும் அவர் பெயர் இருக்கும். ஊர்ப் பள்ளியில் மாணவர் பத்திரிகை தொடங்க வேண்டுமென்றால் அவரைத்தான் அழைப்பார்கள். 1994இல் உளவியலாளர் அமாடோ படியா இதைப் ‘பண்பாட்டு வரி’ என்று அழைத்தார். சிறுபான்மையினர் என்பதற்காகவே சிலர் மீது விழும் வரி அது. முப்பது ஆண்டுகள் அந்த வரியைக் கட்டியவருக்கு ஓய்வுபெறும் நாளில் ஒரு கேடயமும் ‘எல்லோருக்கும் அம்மா மாதிரி’ என்ற பாராட்டும் கிடைக்கும்.

அந்தப் பாராட்டை நான் சந்தேகிக்கிறேன். அவருடைய அன்பு மெய்யானதுதான். ஆனால் அந்தப் பாராட்டு ஒரு கேள்வியை எழவிடாமல் செய்துவிடுகிறது. அவர் அடைத்தது யார் பட்ட கடன்?

1967ஆம் ஆண்டுக் கலவரங்களை ஆராய அதிபர் ஜான்சன் அமைத்த கெர்னர் ஆணையம், 1968இல் அளித்த அறிக்கையில் ஊடகங்களுக்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கியது. செய்தி, ஆசிரியர் குழுப் பணிகளில் கறுப்பினத்தவர் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு என்று அது கண்டித்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 1978இல், அமெரிக்கச் செய்தித்தாள் ஆசிரியர் சங்கம் ஓர் இலக்கை அறிவித்தது: 2000ஆம் ஆண்டுக்குள் நாட்டின் மக்கள்தொகையில் சிறுபான்மையினருக்கு உள்ள பங்கு செய்தியறைகளிலும் இருக்க வேண்டும். இலக்கு எட்டாத தொலைவில் இருப்பது தெரிந்ததும், 1998இல் கெடுவை 2025க்குத் தள்ளிவைத்தார்கள். தவணை தவறியதற்காக எந்த ஆசிரியரும் பதவி இழக்கவில்லை.

இந்தத் தவணைகளுக்கு இடையில் வேலையைச் செய்தவர்கள் வேறு ஆட்கள். டோரதி பட்லர் கில்லியம் 1961இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் சேர்ந்தார். அங்கே முதல் கறுப்பினப் பெண் நிருபர் அவர்தான். செய்தி சேகரிக்கப் புறப்பட்டால் வாடகைக் கார்கள் நிற்காமல் போய்விடும். 1962இல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் முதல் கறுப்பின மாணவர் சேர்ந்ததையொட்டி அங்கே போனபோது தங்க விடுதி கிடைக்காமல், கறுப்பினத்தவர் நடத்திய ஓர் இறுதிச்சடங்கு நிலையத்தில் படுத்து உறங்கினார். இத்தனையும் பட்டவர், பின்னாளில் சிறுபான்மைப் பத்திரிகையாளர்களுக்குப் பயிற்சி தரும் மேனார்டு நிறுவனத்தின் தலைவராக உழைத்தார். 2004இல் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், வசதி குறைந்த உயர்நிலைப் பள்ளிகளில் இதழியல் கற்பிக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். கதவை அடைத்து வைத்திருந்தவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். முட்டி மோதி உள்ளே நுழைந்தவரே அடுத்தவர்களை அழைத்துவரும் பொறுப்பையும் சுமந்தார்.

‘விரும்பித்தானே செய்தார்கள்?’ என்று கேட்கலாம். உண்மை, விரும்பித்தான் செய்தார்கள். ஆனால் மறுத்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்தே அந்த விருப்பத்தை எடைபோட வேண்டும். பல்கலைக்கழகம் தன் பொறுப்பைச் செய்யாவிட்டால் அதன் நிர்வாகிகளுக்கு ஒரு நட்டமும் இல்லை. பேராசிரியை தன் அறைக் கதவைச் சாத்தினால் அந்த மாணவிக்குப் போக்கிடம் இல்லை. இருவரும் செய்வது மறுப்புதான். ஒன்றின் விலை யார் தலையிலும் விழுவதில்லை. மற்றொன்றின் விலை ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணின் தலையில் விழுகிறது. இப்படி அமைந்த ஏற்பாட்டில் மனசாட்சி உள்ளவர்தான் சிக்கிக்கொள்வார்.

‘வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கள்’ என்று பெண்களுக்கு அறிவுரை சொல்வோரும் உண்டு. ஏற்பாட்டின் குறையை அவளுடைய பழக்கத்தின் குறையாக மாற்றிவிடும் அறிவுரை அது.

2021இல் நிக்கோல் ஹன்னா ஜோன்ஸ் வேண்டாம் என்று சொன்னார். வட கரோலைனா பல்கலைக்கழகத்தின் இதழியல் பள்ளி அவரை ஒரு சிறப்புப் பேராசிரியர் பதவிக்கு அழைத்தது. அதே பதவியில் அங்கே முன்பு அமர்ந்தவர்கள் பணி நிரந்தரத்தோடு அமர்ந்தவர்கள். இவருக்கு மட்டும் ஐந்தாண்டு ஒப்பந்தம். மாணவர்களும் ஆசிரியர்களும் போராடிய பிறகு அறங்காவலர் குழு ஒன்பதுக்கு நான்கு என்ற வாக்கில் இறங்கிவந்தது. அவர் ஏற்கவில்லை. அந்த நிறுவனத்தைக் குணப்படுத்துவது தன் வேலை அல்ல என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, கறுப்பினத்தவருக்கென உருவான ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்குக் கற்பிக்கப் போனார்.

அவருக்காகக் குரல் கொடுத்த மாணவர்கள் வட கரோலைனாவிலேயே இருந்தார்கள். அவர்களுக்கு ஓர் ஆசிரியர் கிடைக்காமல் போனார். இந்த இழப்பு மெய்யானது. அதை மறைக்க வேண்டியதில்லை. அவர் போனது சரியென்று நான் நினைக்கிறேன், ஆனாலும் அந்த மாணவர்களை நினைத்தால் மனம் உறுத்துகிறது. இந்த இழப்பை யார் கணக்கில் எழுதுவது என்பதில் மட்டும் எனக்குக் குழப்பமில்லை. அது அறங்காவலர் குழுவின் கணக்கில்தான் ஏற வேண்டும்.

‘அன்புக்குக் கூலி பேசினால் அன்பு கெட்டுப்போகாதா?’ என்பது இன்னொரு கேள்வி. வீட்டுவேலைக்கும் செவிலிப் பணிக்கும் ஊதியம் கேட்டபோதெல்லாம் பெண்கள் கேட்ட பழைய வாதம்தான் இது. தத்துவவாதி ஈவா ஃபெடர் கிட்டே 1999இல் எழுதிய நூலில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. பிள்ளை பெற்றவள் குழந்தையைக் கவனிக்கிறாள். அவளைக் கவனிக்க ஒருவர் வேண்டும். பராமரிப்பவரைப் பராமரிப்பது சமூகத்தின் கடமை என்பதை இந்த உறவிலிருந்தே அவர் நீதிக் கொள்கையாக வளர்த்தெடுக்கிறார். தாய்க்கு ஒருவர் உதவியாக நிற்பதால் பிள்ளை மீது அவளுக்குள்ள பாசம் குறைந்துவிடுவதில்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை எளியவை. மாணவர்களுக்கு வழிகாட்டும் மணிநேரம் கணக்கில் வர வேண்டும். அதற்கு ஈடாக வகுப்புச் சுமை குறைய வேண்டும். பதவி உயர்வில் அதற்கு எடை வேண்டும். இவற்றோடு, அந்த வேலையை மற்றவர்களும் செய்ய வேண்டும். அவமானம் எப்படி இருக்கும் என்பதைப் பட்டவர்தான் சொல்ல முடியும். ஆனால் கட்டுரையைத் திருத்தித் தரவும், பரிந்துரைக் கடிதம் எழுதவும், ஓர் ஆசிரியருக்குத் தொலைபேசியில் நாலு வார்த்தை சொல்லவும் வெள்ளையின ஆண் பேராசிரியருக்கு என்ன தடை? அவர் சொன்னால் அந்த ஆசிரியர் இன்னும் விரைவாகக் காது கொடுப்பார்.

அந்த மாணவி இன்னும் வாசலில்தான் நிற்கிறாள். அவள் தட்டுவதற்கு அந்த நடைபாதையில் ஒரே ஒரு கதவு இருந்தால் போதாது.