கடிதத்தைப் படித்த பிறகு...

கிராமத்திலிருந்து ஒருவருக்குக் கடிதம் வந்தது. சில பொருட்களை வாங்கி அனுப்பும்படி உறவினர்கள் அதில் எழுதியிருந்தனர். வாங்குவதற்குப் புறப்படும் வேளையில் கடிதத்தைக் காணவில்லை. வீட்டிலுள்ள அனைவரும் தேடினார்கள். நெடுநேரத்திற்குப் பின் அது கிடைத்தது. ஐந்து சேர் இனிப்பும் ஒரு துணியும் அனுப்ப வேண்டும் என்று அறிந்ததும் கடிதத்தின் வேலை முடிந்துவிட்டது. இனிக் கடைக்குப் போக வேண்டியதுதான். சாஸ்திரங்களின் பயனை விளக்க பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் கூறிய கதை இது.

புனித நூல்களைப் படிப்பவர்களுள் பலர் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்து மகிழ்கிறார்கள். அதன் நடையைப் பாராட்டுகிறார்கள். அதற்கு விளக்கமும் எழுதுகிறார்கள். கடைக்குச் செல்பவர்களோ மிகச் சிலரே. எல்லாச் சமயங்களுக்கும் பொதுவான இந்தக் குறையையும், இதிலிருந்து மீளும் வழியையும் கிறிஸ்தவ அருளாளர்களின் வாழ்க்கை தெளிவாகக் காட்டுகிறது.

இருவர் கேட்ட ஒரே உபதேசம்

செல்வந்தனான இளைஞன் ஒருவன் ஏசுநாதரிடம் வந்து, நிலையான வாழ்வைப் பெறும் வழியைக் கேட்டதாக மத்தேயு நற்செய்தியின் 19-ஆம் அதிகாரம் கூறுகிறது. அவன் தீயவன் அல்லன். கட்டளைகளை அறிந்தவன், அவற்றின்படி நடந்தவன். தன்னிடம் இன்னும் என்ன குறை உள்ளது என்றும் அவனே கேட்கிறான். உடைமைகளை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தம்மைப் பின்பற்றும்படி ஏசுநாதர் கூறினார். அவனுக்குச் சொத்து மிகுதியாக இருந்தது. ஆகவே வருத்தத்துடன் திரும்பிப் போய்விட்டான்.

இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்தன. எகிப்து நாட்டுக் கிராமம் ஒன்றில் அந்தோனியார் என்ற இளைஞர் பெற்றோரை இழந்து, தம் தங்கையுடன் வாழ்ந்து வந்தார். அவருக்கு ஏறக்குறைய 200 ஏக்கர் வளமான நிலம் இருந்தது. ஒருநாள், சீடர்கள் அனைத்தையும் துறந்து ஏசுநாதரைப் பின்பற்றியதைச் சிந்தித்தபடியே அவர் ஆலயத்திற்கு நடந்தார். உள்ளே நுழைந்தபோது அந்தச் செல்வந்த இளைஞனுக்குக் கூறப்பட்ட உபதேசமே வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. அது தமக்கென்றே வாசிக்கப்பட்டதாக அவருக்குத் தோன்றியது. உடனே வெளியே சென்று நிலத்தை ஊர்மக்களுக்குக் கொடுத்தார்; மற்றப் பொருட்களை விற்று, தங்கைக்காகச் சிறிது வைத்துக்கொண்டு, எஞ்சியதை ஏழைகளுக்கு வழங்கினார். பின்னர் நாளையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்ற உபதேசத்தைக் கேட்டபோது அந்தச் சிறிதளவையும் கொடுத்துவிட்டு, தங்கையைப் பக்தியுள்ள பெண்மணிகளின் பொறுப்பில் விட்டார். 356-ஆம் ஆண்டில் மறைந்த இந்த மகானின் வரலாற்றை அலெக்ஸாண்டிரியா ஆயர் அதனேசியஸ் எழுதியுள்ளார்.

ஒருவன் அந்த உபதேசத்தை ஏசுநாதரின் திருவாயிலிருந்தே கேட்டான், துயரத்துடன் போனான். மற்றவர் அதையே ஆலயத்தில் யாரோ வாசிக்கக் கேட்டார்; மகான் ஆனார். உபதேசத்தில் வேறுபாடு இல்லை, கேட்டவர்களிடமே வேறுபாடு. அந்தோனியார் அதனைத் தம் முகவரிக்கு வந்த கடிதமாக ஏற்றார்.

இல்லறத்தார் செய்வது என்ன?

'நிலத்தையும் வீட்டையும் எல்லோரும் துறந்துவிட முடியுமா?' என்ற கேள்வி எழலாம். லூக்கா நற்செய்தி இதற்கு விடை தருகிறது. அதன் 18-ஆம் அதிகாரத்தில் இந்தச் செல்வந்தன் வருகிறான். 19-ஆம் அதிகாரத்தில் வேறொரு செல்வந்தன் வருகிறான். எரிகோ நகரில் வரி வசூலிப்பவர்களின் தலைவனாக இருந்த சகேயு அவன். ஏசுநாதரைக் காண மரத்தில் ஏறியிருந்த அவனை அவர் பெயர் சொல்லி அழைத்து, அவன் வீட்டிற்கே விருந்தினராகச் சென்றார். சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், யாரிடமேனும் அநியாயமாக வாங்கியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சகேயு உறுதி கூறினான். வேலையை விட்டுவிடும்படி ஏசுநாதர் அவனுக்குக் கட்டளையிட்டதாக அங்கே இல்லை. அந்த வீட்டிற்கு மீட்பு வந்துவிட்டதாகவே அவர் அறிவித்தார்.

சகேயுவின் பக்தி அவனுடைய கணக்குப் புத்தகத்தைத் தொட்டது. கட்டு எங்கே இருக்கிறதோ அங்கேதான் அவிழ்க்க வேண்டும். சிலருக்கு அது பணம், சிலருக்குக் கோபம், வேறு சிலருக்குத் தம் படிப்பைப் பற்றிய பெருமை.

வாசிப்பு வாழ்வாகும் வழி

படித்தது உள்ளே இறங்குவது எப்படி? பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டில் வாழ்ந்த கார்த்தூசியத் துறவி இரண்டாம் கீகோ, இதனை நான்கு படிகளாக விளக்கினார்: வாசித்தல், சிந்தித்தல், பிரார்த்தித்தல், இறைவனில் திளைத்தல். வாசித்தல் உணவை வாயில் இடுவது. சிந்தித்தல் அதை மெல்லுவது. பிரார்த்தனையில் சுவை பிறக்கிறது. இறுதிப்படி அந்த இனிமையே ஆகும். சிரவணம், மனனம், நிதித்யாசனம் என்று வேதாந்தம் கூறும் சாதனைக்கு இது எவ்வளவு நெருக்கமாக உள்ளது!

திளைப்பவர் அன்றாட வேலையைப் புறக்கணிப்பதில்லை. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த மடத்து விதிகள், உடலுழைப்புக்கும் புனித நூல் வாசிப்புக்கும் தனித்தனி நேரம் ஒதுக்கின. மடத்தின் பாத்திரங்களையும் கருவிகளையும் பலிபீடத்தின் புனிதக் கலங்களைப் போலக் கருத வேண்டும் என்று பொருட்காப்பாளருக்கு அவை கட்டளையிடுகின்றன. பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரின் கார்மேல் மடத்தில் வாழ்ந்த சகோதரர் லாரன்ஸுக்குச் சமையல் வேலை இயல்பாகவே பிடிக்காது. ஆயினும் இறைவனுக்காக அதைப் பல ஆண்டுகள் செய்து, பாத்திரங்களின் ஓசைக்கு நடுவிலும் இறைவனின் சன்னிதியை உணர்ந்தார்.

1886 டிசம்பர் 24 அன்று இரவு, வங்காளத்தின் ஆன்ட்பூர் கிராமத்தில் துனியின் முன் அமர்ந்து, ஏசுநாதரின் வாழ்வையும் துறவையும் நரேந்திரர் சகோதரச் சீடர்களுக்கு எடுத்துரைத்தார். கேட்டவர்கள் 'நல்ல சொற்பொழிவு' என்று பாராட்டிவிட்டுக் கலையவில்லை. துறவு வாழ்வை ஏற்பதாக அக்கினி சாட்சியாக உறுதி பூண்டனர். அது கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு என்பது பின்னரே அவர்கள் நினைவுக்கு வந்தது.

சாதகன் காலையில் சிறு பகுதி ஒன்றைப் படித்தால் போதும். தன்னைப் பாராட்டும் இடத்தை விட்டு, தன்னை உறுத்தும் இடத்தில் நிற்க வேண்டும். அதை இன்று எவரிடம், எந்த வேலையில் கடைப்பிடிப்பது என்று தீர்மானிக்க வேண்டும். இரவில் தன்னைத்தானே சோதித்துப் பார்க்க வேண்டும். காணிக்கை செலுத்த வந்தவன் தன்மீது சகோதரனுக்கு மனத்தாங்கல் இருப்பதை நினைத்தால், காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் அவனோடு சமாதானம் செய்துகொள்ள வேண்டும் என்று மலைப்பிரசங்கத்தில் ஏசுநாதர் அறிவுறுத்துகிறார். இதைக் காலையில் படித்த ஒருவர், பல ஆண்டுகளாகப் பேசாதிருக்கும் தம் தம்பியின் வீட்டு வாசலுக்கு மாலையில் போய் நின்றால், அவர் உண்மையிலேயே விவிலியத்தைப் படித்தவர். கடிதம் அனுப்பியவருக்கும் அதுவே மகிழ்ச்சி.