எடுக்காத கை

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஒரு செத்தவீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். சோளகக் காற்றுக் காலம். நயினாதீவு பின்னால் போய், ஏழாற்றுப்பிரிவு என்று எங்கள் ஆட்கள் சொல்லும் கடலுக்குள் வந்ததும் படகு ஒருபக்கம் சரிந்து எழும்பியது. மேலே நின்றவர்கள் கீழே இறங்கி வந்தார்கள். ஒருவர் அந்தோனியாரைக் கூப்பிட்டார், இன்னொருவர் நாகபூசணி அம்மாளை. எனக்கு எதிரே ஒரு வயதான அம்மா, பக்கத்தில் ஐந்தாறு வயதுப் பேத்தி. பிள்ளை வீரிட்டு அழத் தொடங்க, அம்மா அதன் முழங்காலில் கையை வைத்தார்.

"பயப்பிடாதையம்மா. ஆண்டவர் எங்களோட இருக்கிறார்."

பிள்ளை குனிந்து கையைப் பார்த்தது. "அப்ப ஏன் அம்மம்மா உங்கட கை நடுங்குது?"

அவர் பதில் சொல்லவில்லை. கையை எடுக்கவும் இல்லை.

நடந்தது இவ்வளவுதான். படகு கரைசேர்ந்தது, அவரவர் வழியில் போனோம். ஆனால் அந்தக் கை என் கண்ணைவிட்டுப் போக மறுக்கிறது. ஓலை வார்ந்தும் இழைத்தும் விரல் நுனிகள் காய்த்துப்போன கை. மணிக்கட்டில் செபமாலையைச் சுற்றியிருந்தார். நடுக்கத்தில் அதன் சின்னச் சிலுவை பிள்ளையின் முழங்காலில் மெல்ல மெல்லத் தட்டுப்பட்டுக்கொண்டிருந்தது.

அவருக்குச் சொல்ல எத்தனையோ பதில் இருந்தது. குளிருது என்றிருக்கலாம், வயசு போயிட்டுது என்றிருக்கலாம். பிள்ளையைக் கட்டிப்பிடிப்பதுபோலக் கையை முதுகுப்பக்கம் கொண்டுபோய் மறைத்திருக்கலாம். பெரியவர்கள் எல்லோரும் செய்வது அதுதான். 'ஆண்டவர் எங்களோட இருக்கிறார்' என்று சொல்லி வாய் மூடுவதற்குள் கை பொய்யாக்கிவிட்டதே என்று வெட்கப்பட்டிருக்கலாம். அவர் முகத்தில் வெட்கம் தெரியவில்லை. பயம் நன்றாகத் தெரிந்தது.

விசுவாசம் உள்ள இடத்தில் பயம் இருக்காது என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். ஊர்காவற்றுறையில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஞானப்பாடத்துக்கு இருப்போம். விளக்கு வந்தால் இருட்டுப் போகும், விசுவாசம் வந்தால் பயம் போகும் என்பார் படிப்பித்தவர். நல்ல மனிதர். அவர் சொன்னதை நம்பினேன். ஆனால் பின்னேரமானால் எனக்குப் பயம் வந்தது. காரைநகருக்குப் போகும் 'பாதை' என்ற மிதவையில் ஏறி நின்றால் நடுக்கடலில் கடற்கோட்டை தெரியும். போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை. வெயில் சாய்ந்த பிறகு அது தண்ணீரின்மேல் கறுத்துக் கிடப்பதைப் பார்க்க எனக்கு வயிற்றுக்குள் என்னவோ செய்யும். காரைநகர்ப் பக்கம் கடற்படைப் படகின் சத்தம் கேட்டால் அதைவிட மோசம். எத்தனை 'அருள் நிறைந்த மரியே' சொன்னாலும் அந்தப் பயம் போனதில்லை. அப்படியானால் விசுவாசம் இல்லை என்றுதானே ஒரு பிள்ளை கணக்குப் போடும்? பயத்தோடு இந்தக் குற்ற உணர்வையும் சேர்த்துச் சுமந்த பிள்ளைகள் எங்கள் தீவுகளில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

இதைப்பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் மாற்கு நற்செய்தியின் நாலாம் அதிகாரத்துக்குப் போவார்கள். புயல் அடிக்கிறது, இயேசு படகின் பின்பக்கத்தில் தலையணை வைத்து நித்திரை. சீடர்கள் எழுப்புகிறார்கள். அவர் எழும்பிக் காற்றையும் கடலையும் அதட்ட, கடல் அடங்குகிறது. ஏன் பயந்தீர்கள் என்று கேட்கிறார். பிரசங்கம் அநேகமாக இங்கே முடிந்துவிடும். ஆனால் அதிகாரம் இன்னும் ஒரு வசனம் போகிறது. கடல் அடங்கிய பிறகுதான் சீடர்களுக்குப் பெரிய பயம் பிடிக்கிறது, இவர் யார் என்று. ஆண்டவர் அருகில் நிற்பது தெரிந்த பிறகு வந்த பயம் அது.

அதே பகுதியில், படித்தும் படிக்காததுபோல் நாங்கள் தாண்டிப் போகும் இன்னொரு செய்தி இருக்கிறது. அன்றைக்கு அந்தப் படகு தனியே போகவில்லை. வேறு படகுகளும் கூடப் போயின. அந்தப் படகுகளில் இருந்தவர்களை நான் அடிக்கடி நினைப்பேன். அதே காற்றுத்தான் அவர்களையும் அடித்தது. அவர்கள் பக்கத்தில் நித்திரை கொள்ள யாரும் இல்லை, எழுப்பவும் யாரும் இல்லை. கடல் அடங்கியபோது அது தங்களுக்கும் சேர்த்து அடங்கியது என்பது அவர்களுக்குத் தெரியாது. தீவில் பிறந்த ஒருவனுக்கு அந்த மற்றப் படகுகளைத் தாண்டிப் போக மனம் வராது. நாங்கள் அநேகமாக அவற்றில்தான் இருந்திருக்கிறோம்.

பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்த சைவ ஆசிரியர் ஒருவர் திருவாசகத்தில் அச்சப்பத்தை விளக்கியது அரைகுறையாக நினைவிருக்கிறது. மாணிக்கவாசகர் அதில் தனக்குப் பயமில்லாதவற்றை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். பாம்புக்குப் பயமில்லை, நோய்க்குப் பயமில்லை, நெருப்புக்கும் இடிக்கும் பயமில்லை, மலை புரண்டு வந்தாலும் பயமில்லை, சாவுக்கும் பயமில்லை. வாசிக்கிற பிள்ளை இவர் பயமே இல்லாத மனிதர் என்று வாயைப் பிளந்துகொண்டிருக்கும்போது ஒவ்வொரு பாட்டின் கடைசியிலும் அவர் நடுங்குகிறார். இறைவனிடம் அன்பில்லாதவர்களைக் கண்டால் ஐயோ எனக்குப் பயம் என்கிறார். பத்துப் பாட்டிலும் இதே கதைதான். இவ்வளவு பெரிய பக்தருக்கும் பயம் போய் முடியவில்லை, இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. ஆசிரியர் இதை இப்படிச் சொன்னாரா, பின்னால் நானாக நினைத்துக்கொண்டேனா என்பது நிச்சயமில்லை.

நயினாதீவுக் கதையும் எங்களுக்குத் தெரியும். வேதக்கார வீடு, சைவ வீடு என்றில்லாமல் தீவுப் பிள்ளைகள் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதை. புளியந்தீவிலிருந்து அம்மனுக்குப் பூ எடுத்துக்கொண்டு ஒரு நாகம் கடலில் நீந்தி வருகிறது. கருடன் அதைக் கொல்லப் பாய்கிறது. நாகம் கடலில் நின்ற ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டு கிடக்கிறது, கருடன் இன்னொரு கல்லில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த வழியே கப்பலில் வந்த மாநாய்கன் என்ற வணிகன் தன் செல்வத்தைக் கோயிலுக்குக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டு நாகத்தை விடுவிக்கிறான். பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என்று இரண்டையும் இன்றும் காட்டுவார்கள். சிறுவயதில் எனக்கு வணிகன்மேல்தான் கண். இப்போது நாகத்தின்மேல். கோயில் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது, பூ வாயில் இருக்கிறது, யாருக்காகப் போகிறதோ அந்த அம்மன் அங்கேதான் இருக்கிறாள். இருந்தும் அது பயந்து கல்லைச் சுற்றியது. பூவை விட்டுவிட்டதாகக் கதை சொல்லவில்லை.

இவையெல்லாம் கதைகள், பாட்டுகள். எங்கள் கடலில் உண்மையாக நடந்ததைச் சொல்லாமல் இந்தப் பேச்சை எழுதினால் அது ஏமாற்று.

1985 மே 15, புதன்கிழமை. நெடுந்தீவு மாவிலித்துறையிலிருந்து காலையில் குமுதினிப் படகு குறிகட்டுவானுக்கு வெளிக்கிட்டது. நடுக்கடலில் மறித்து ஏறியவர்கள் சனங்களை வெட்டியும் குத்தியும் கொன்றார்கள். குழந்தைகள், பெண்கள், முதியவர்கள், அரச ஊழியர்கள். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் என்பது ஊரின் கணக்கு. இதைச் செய்த கடற்படையினர் யாரும் தண்டிக்கப்படவில்லை. செய்தி எங்கள் வீட்டுக்கு வந்த இரவு அம்மா செபமாலை சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். கனநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடராமல் முதலிலிருந்து தொடங்கினார்.

குமுதினியில் இருந்தவர்களும் கடவுளைக் கூப்பிட்டிருப்பார்கள். எங்கள் சனம் கூப்பிடாமல் இருந்திருக்காது. அதனால்தான், செபித்தேன் பயம் போனது, செபித்தேன் தப்பினேன் என்று மேடையில் சாட்சி சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. அவர்களின் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. தப்பாதவர்களின் செபத்தில் என்ன குறை இருந்தது என்ற கேள்வியை அந்தச் சாட்சி எழுப்பிவிடுகிறது, கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு தாயின் மடியில் போய் விழுகிறது. அது கொடுமை. ஆண்டவர் கூட இருப்பது ஆபத்துக்கு எதிரான காப்புறுதி என்றால் எங்கள் கடலில் அது பொய்த்துப்போய்விட்டது. அப்படி அல்லாமல் வேறு என்ன என்று கேட்டால், சொல்லத் தடுமாறுகிறேன்.

குமுதினி திருத்தப்பட்டு மறுபடியும் அதே கடலில் ஓடியது. பல வருடங்கள் ஓடியது. சனம் ஏறியது. இதை விசுவாசத்தின் வெற்றி என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் எழுதமாட்டேன். நெடுந்தீவாருக்கு யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், கச்சேரிக்குப் போகவேண்டும், சாமான் வாங்கவேண்டும். ஏறாமல் என்ன செய்வது? வழியில்லாமல் ஏறியதைத் துணிவு என்று நாங்கள் பாராட்டுவது, அந்தச் சனத்துக்கு வேறு வழி செய்து கொடுக்காதவர்களுக்கு வசதியாகப் போய்விடும். இருந்தாலும் ஏறும்போது அணியத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் கைகளைப் பார்த்திருக்கிறேன். வேறு வழியில்லாதவனும் தொட்டுக் கும்பிடாமலே ஏறலாம். தொடுகிறார்களே, அது என்ன?

இங்கே வந்ததும் அந்த அம்மாவின் கை மறுபடி முன்னால் வந்து நிற்கிறது. அவர் பிள்ளையிடம் சொன்ன வசனத்தில் நான் முதலில் கவனிக்காதது 'எங்களோட' என்பது. பயத்தைப் போக்கிவிடுவார் என்று அவர் சொல்லவில்லை. கடலை அடக்கிவிடுவார் என்றும் சொல்லவில்லை. கூட இருக்கிறார் என்றார். கெத்சமனித் தோட்டத்தில் வியர்வை இரத்தத் துளிபோல விழ, பயந்து கலங்கிக் குப்புற விழுந்து கிடந்தவரைக் கும்பிடுகிற மனுஷி அவர். அப்படிப்பட்ட ஆண்டவர் கூட இருந்தால் கை நடுங்குவதில் அவருக்கு என்ன வெட்கம்? இது என் ஊகம். அவரிடம் கேட்டிருந்தால், போ தம்பி, கையை எடுக்க நினைவு வரவில்லை என்றிருக்கவும் கூடும்.

பிள்ளையைப் பற்றியும் சொல்லவேண்டும். பதில் வராததால் அது மறுபடி அழவில்லை. கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் இரண்டு கையாலும் அந்தக் கையைப் பொத்திப் பிடித்தது. அதன் பயம் போய்விட்டதா, பயத்துக்குச் செய்ய ஒரு வேலை கிடைத்துவிட்டதா, எனக்கு விளங்கவில்லை.

பயத்தை வெல்வது என்று பேசும்போது என் மனதில் வருகிற முகம் அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை திருச்செல்வம் நிகால் ஜிம்பிறவுண் அடிகளாரின் முகம். 2006 மே 13 இரவு எங்கள் தீவின் மூன்று இடங்களில் 13 பேர் கொல்லப்பட்ட பிறகு, முன்னிருந்த பங்குத்தந்தை அச்சுறுத்தலால் விலகவேண்டிவந்த இடத்துக்கு வந்தவர். வயது 34. ஆகஸ்ட் 13 விடியற்காலையில், சனம் தஞ்சமடைந்திருந்த புனித பிலிப்பு நேரி தேவாலயத்தின்மேல் எறிகணைகள் விழுந்து பலர் செத்தார்கள். அவர் எஞ்சியவர்களைக் கூட்டிக்கொண்டு ஊர்காவற்றுறைக்கு வந்து சேர்ந்தார், புனித மரியாள் ஆலயத்தில் அவர்களை இருத்தினார். அங்கேயே இருந்திருக்கலாம். ஆகஸ்ட் 20, ஞாயிற்றுக்கிழமை, ஓர் உதவியாளரோடு மறுபடி அல்லைப்பிட்டிக்குப் போனார். கடற்படைச் சோதனைச் சாவடியடியில் கண்டதுதான் கடைசி. இருவருக்கும் என்ன நடந்தது என்று இன்றுவரை யாரும் பொறுப்புச் சொல்லவில்லை.

அன்று புறப்படும்போது அவருக்குப் பயம் இருந்ததா? அவரை வீரர் என்று எழுதுகிறவர்கள் இல்லை என்கிறார்கள். மிரட்டல் வந்த மனிதர், ஒரு கிழமைக்கு முன் பிணங்களை எடுத்த மனிதர், பயப்படாமல் இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. பயந்துகொண்டே போனார் என்றால் ஆண்டவரின் பிரசன்னம் அவருக்குள் என்ன செய்தது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அது தெரிந்தவர் அவர் ஒருவர்தான், அவர் திரும்பி வரவில்லை.