ஈர விறகு

கல்லூரியொன்றில் நெடுங்காலம் தத்துவ சாஸ்திரம் போதித்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரும், அவரிடம் பயின்று பின்னர் கணக்குத் தணிக்கைத் தொழிலில் புகுந்து பெரும் பெயர் ஈட்டிய மாணாக்கர் ஒருவரும் ஒரு மாலையில் நிகழ்த்திய சம்பாஷணை இது. பரீட்சைக்கென்று படித்த தர்க்கம் வாழ்க்கைக்கு எவ்வாறு உதவும் என்று கேட்போர் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டுமென்பது என் விருப்பம்.

சீடன்: ஐயா, தங்களிடம் நியாய சாஸ்திரம் படித்த நாட்களில் கேட்கத் தோன்றாத ஒரு வினா இப்போது என்னைப் பிடித்து வருத்துகிறது. ஊரார் புகழும்படி தொழில் நடத்தி, ஒப்புக்கொண்ட வேலையைக் கெடுவுக்கு முன்னதாகவே முடித்துக் கொடுத்து, மனைவி மக்களோடு குறைவின்றி வாழ்கிறான் என்று பலரும் உதாரணம் காட்டும் ஒருவன், விழித்தது முதல் உறங்கும் வரையில் காரணம் இன்னதென்று எடுத்துச் சொல்ல இயலாத கலக்கத்தை நெஞ்சில் சுமந்துகொண்டே திரிவானாகில், அவனுடைய வெற்றியை வெற்றி என்று சொல்லலாமா?

குரு: யாரோ ஒருவனைப் பற்றிக் கேட்டால் யாரோ ஒருவனுக்குரிய விடைதான் கிடைக்கும். யார் அந்த மனிதன்?

சீடன்: நான்தான் ஐயா.

குரு: அப்படியானால் பொதுவாகச் சொல்லாதே. அந்தக் கலக்கம் உன்னை என்ன செய்விக்கிறது, அதைச் சொல்.

சீடன்: வருமான வரி அலுவலகத்திலிருந்து பழுப்பு உறையில் ஒரு கடிதம் வந்தால், அதைப் பிரிப்பதற்கு முன்னால் ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உள்ளே மடிந்திருக்கும் தாளில் எழுத்து எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பார்க்கிறேன். நாலு வரியில் முடிந்தால் மூச்சு வருகிறது. பக்கம் நிறைந்திருந்தால் அதைப் பிரிக்க அரைமணி நேரம் ஆகிறது. ஐந்தொகையில் கையெழுத்திட்டு அனுப்பிவிட்ட பிறகு நள்ளிரவில் எழுந்து, விளக்கின் ஒளி படுக்கையறையில் விழாதபடி கதவைச் சாத்திக்கொண்டு, இருமுறை சரிபார்த்த கூட்டலை மூன்றாம் முறையும் கூட்டுகிறேன். மனைவி விழித்துக்கொண்டு கேட்டால் தாகம் எடுத்தது என்கிறேன். சாப்பிட்ட சோறு நெஞ்சிலேயே நிற்கிறது. இவ்வளவும் இருக்க, என்னிடம் கணக்கு ஒப்படைத்த வியாபாரிகள், இவர் கண் பட்ட கணக்கில் பிசகே இராது என்று மெச்சுகிறார்கள். அவர்கள் சிரத்தை என்று போற்றுவது அச்சம் என்பதை நான் ஒருவனே அறிவேன்.

குரு: உன் வயிறும் அறிந்திருக்கிறதே. ஹார்வர்டு சர்வகலாசாலையில் இருந்த வால்டர் கேனன் என்னும் உடலியல் அறிஞர், இளமையில் எக்ஸ் கதிர்களைக் கொண்டு பூனையின் வயிறு ஆகாரத்தைச் செரிக்கும் விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பிராணி மிரண்டதும் இரைப்பையின் அசைவு நின்றுபோவதைக் கண்டார். பசி, கோபம், அச்சம் ஆகியவை சரீரத்தில் விளைக்கும் மாறுதல்களைக் குறித்து 1915ஆம் ஆண்டில் அவர் ஒரு நூலே வெளியிட்டார். ஓடவோ போராடவோ வேண்டிய வேளையில் உடம்பு தன் பலத்தையெல்லாம் இருதயத்துக்கும் கைகால்களுக்கும் அனுப்பிவிட்டு, செரிமானத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்கிறது. அந்த ஏற்பாடு அரைநாழிகைக்கு உரியது. நீயோ ஆண்டுக்கணக்கில் அதை நடத்துகிறாய். ஆகையால் முதலில் ஒரு நல்ல வைத்தியரிடம் போ. வயிற்றை மாத்திரம் காட்டாமல், இப்போது என்னிடம் சொன்னதையும் சொல். அதில் வெட்கப்பட ஏதுமில்லை. அது நிற்க, ஒன்று கேட்கிறேன். மெய்யாகவே ஓர் ஆபத்து உனக்கு நேர்ந்ததுண்டா?

சீடன்: என் தகப்பனாருக்கு ஓர் இரவு மாரடைப்பு வந்தது.

குரு: அன்று உன் மனம் எப்படி இருந்தது?

சீடன்: அதுதான் எனக்கே ஆச்சரியம். வண்டி பிடித்தேன், பழைய மருந்துச் சீட்டுகளை மறவாமல் எடுத்துக்கொண்டேன், கேட்ட இடத்தில் கையெழுத்திட்டேன், அழுத தம்பிகளைத் தேற்றினேன். விடியும்வரை ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தபோது துக்கம் இருந்தது. ஆனால் இந்தக் கலக்கம் மட்டும் கிஞ்சித்தும் இல்லை.

குரு: தகப்பனார் உயிர் ஊசலாடிய இரவில் வராத அச்சம், நாலு வரிக் கடிதத்தைக் கண்டு வருகிறதென்றால், நீ அஞ்சுவது ஆபத்தை அன்று. அந்த மாடிப்படியில் உனக்கு மதிப்பெண் போட ஒருவரும் இல்லை. நல்ல தணிக்கையாளனா, கெட்டிக்காரனா, பெயருக்குத் தகுந்தவனா என்ற விசாரணை அங்கே நடக்கவில்லை. செய்ய வேண்டியது இருந்தது, செய்தாய்.

சீடன்: ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்தரங்கத்தில் இருப்பதை மறைக்காமல் சொல்கிறேன், ஐயா. இந்த அச்சம் நீங்க வேண்டுமென்று நான் விரும்புகிறேனா என்பதே எனக்குச் சந்தேகம். அது என்னைத் துன்புறுத்துவது மெய். ஆனால் இந்த நிலைக்கு என்னை உயர்த்தியதும் அதுவே அல்லவா? அது போய்விட்டால் நான் சோம்பேறியாகி, அஜாக்கிரதையில் விழுந்து, ஈட்டிய கீர்த்தியை இழந்துவிடுவேனோ என்று அஞ்சுகிறேன். அச்சம் நீங்கிவிடுமோ என்பதும் எனக்கு ஓர் அச்சமாகவே இருக்கிறது.

குரு: முடிச்சு இங்கேதான் இருக்கிறது. அச்சம் இருந்தது, வேலை நன்றாக நடந்தது. ஆதலால் அச்சத்தினால் வேலை நடந்தது என்கிறாய். இரண்டும் சேர்ந்திருக்கும் அன்வயத்தைக் கண்டாய், ஒன்று இல்லாதபோது மற்றதும் இல்லாதிருக்கும் வியதிரேகத்தைக் கண்டாயா? அச்சம் இல்லாதிருந்து, அதனால் வேலை கெட்ட ஒரு நாளை உன்னால் காட்ட முடியுமா?

சீடன்: அச்சம் இல்லாத நாளே இல்லையே, ஐயா. எப்படிக் காட்டுவேன்?

குரு: காட்ட முடியாததை ஆதாரமாக வைத்து இத்தனை ஆண்டுகள் இரவு உறக்கத்தை விற்றிருக்கிறாய். புகையுள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பது சரியான அனுமானம். நெருப்புள்ள இடத்திலெல்லாம் புகை உண்டு என்றால் ஏன் தவறு என்று அன்று உங்களுக்குச் சொன்னேனே, நினைவிருக்கிறதா?

சீடன்: பழுக்கக் காய்ச்சிய இரும்பு உருண்டையில் நெருப்பு உண்டு, புகை இல்லை. நெருப்போடு ஈர விறகு சேர்ந்தால்தான் புகை எழும். ஈர விறகின் சேர்க்கை அங்கே உபாதி, அதாவது இடையில் நுழையும் நிபந்தனை.

குரு: பாடம் மறக்கவில்லை. பிறந்தது முதல் ஈர விறகு எரியும் அடுக்களையையே பார்த்து வளர்ந்த ஒருவன், கண்ணைக் கசக்கிக்கொண்டே, புகை இல்லாவிட்டால் உலை கொதிக்காது என்று வாதித்தானென்று வைத்துக்கொள். அவனுக்கு உலையும் பொய்யன்று, புகையும் பொய்யன்று. இரண்டையும் சேர்த்துக் கட்டிய கயிறு பொய். உன் உழைப்பு நெருப்பு. கணக்கில் உனக்குள்ள இயல்பான நுட்பமும், பிறர் பொருளுக்குத் துரோகம் ஆகாது என்ற உன் நேர்மையும் அந்த நெருப்பை எரிக்கின்றன. அச்சம் அதன்மேல் எழும் புகை. சோறு வெந்த பெருமையைப் புகைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறாய்.

சீடன்: அப்படியானால் என்னிடத்தில் ஈர விறகு எது?

குரு: ஒவ்வொரு கணக்கும் உன் யோக்கியதையின்மேல் எழுதப்படும் தீர்ப்பு என்று எண்ணுகிறாயே, அந்த எண்ணந்தான். பாக்தாத் நகரத்து நிஜாமியா கல்விச்சாலையில் 1091ஆம் ஆண்டில் ஆசிரியராக அமர்ந்த இமாம் கஸ்ஸாலியின் சரித்திரத்தை நீ அறிவாய் என்று எண்ணுகிறேன். முப்பத்து மூன்று வயதில் அக்காலத்து இஸ்லாமிய உலகில் ஒரு பண்டிதர் எட்டக்கூடிய உயர்ந்த ஆசனத்தில் ஏறி, முந்நூறு மாணாக்கருக்குப் போதித்துக்கொண்டிருந்த அவர், தம் போதனையின் நோக்கத்தைத் தாமே சோதித்துப் பார்த்தபோது, பதவியும் புகழும் அதற்குள் கலந்திருக்கக் கண்டார். விட்டுவிடலாமென்று காலையில் தீர்மானிப்பார். மாலையில் அந்தத் தீர்மானம் கரைந்துவிடும். ஏறக்குறைய ஆறு மாதம் இப்படி ஊசலாடிய பின்னர், 1095ஆம் ஆண்டில், வகுப்பில் அவருடைய நாவே எழாமற்போயிற்று. ஆகாரம் இறங்கவில்லை. மருத்துவர்கள் வந்து பார்த்து, நோய் உள்ளத்தில் தோன்றி உடம்புக்கு வந்திருக்கிறதென்றும், உள்ளம் ஆறாமல் உடம்பு ஆறாதென்றும் கைவிரித்தார்கள். அவர் மக்காவுக்குப் போவதாக ஊராருக்குச் சொல்லிவிட்டுச் சிரியாவின் திசையில் புறப்பட்டார்.

சீடன்: நானும் தொழிலைத் துறக்க வேண்டுமென்பது தங்கள் கருத்தா?

குரு: சரித்திரத்தைப் பாதியில் நிறுத்தாதே. 1106ஆம் ஆண்டில் அவர் மறுபடியும் போதிக்கத் தொடங்கினார், நிஷாபூரில் இருந்த நிஜாமியாவில். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு, போன மனிதர் திரும்பி வந்துவிட்டார். அவரோ, முன்னர்ப் புகழைத் தேடித் தரும் வித்தையைப் போதித்தேன், இப்போது புகழை உதறச் செய்யும் வித்தையைப் போதிக்கிறேன் என்ற கருத்தைத் தம் நூலில் எழுதிவைத்தார். தொழில் அதே தொழில்தான், விறகு உலர்ந்திருந்தது.

சீடன்: அவருடைய நாக்கு அவரைக் காட்டிக்கொடுத்தது. என் நாக்கோ நன்றாகவே பேசுகிறது.

குரு: அதனால்தான் உன் நிலை அவருடையதைக் காட்டிலும் ஆபத்தானது. உனக்கு நெருங்கிய உறவு வேறொருவர்: ஜான் ஸ்டூவர்ட் மில். மூன்று வயதில் கிரேக்கம் படிக்கத் தொடங்கி, 1823ஆம் ஆண்டு முதல் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்து, நம் தேசத்துக்கு வரும் அரசாங்கக் கடிதங்களுக்கு வரைவு தயாரித்துக்கொண்டிருந்த வாலிபர். உலகத்தைச் சீர்திருத்துவதே தம் வாழ்வின் லட்சியம் என்றிருந்த அவர், 1826ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், இந்தச் சீர்திருத்தங்கள் அனைத்தும் இக்கணமே நிறைவேறிவிட்டால் நீ மகிழ்வாயா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டார். இல்லை என்று பதில் வந்தது. அன்று அடித்தளமே சரிந்தது. ஆனால் அலுவலக வேலை நிற்கவில்லை. விவாத சங்கத்தில் அவருடைய பேச்சும் நிற்கவில்லை. பழக்கத்தின் வேகத்திலேயே அந்தக் குளிர்காலத்தைக் கடத்திவிட்டார். அந்தச் சங்கத்தில் பேசிய ஆண்டுகளுள் அந்த ஓர் ஆண்டைப் பற்றி மட்டும் தமக்கு ஏறக்குறைய ஒன்றுமே நினைவில்லை என்கிறார். அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. வேலை நடந்திருக்கிறது, செய்தவன் அங்கே இருந்திருக்கவில்லை.

சீடன்: யாரிடமும் அவர் சொல்லவில்லையா?

குரு: தம்மை உருவாக்கிய தகப்பனாரிடம் சொன்னால் அவருக்கு விளங்காதென்று கருதினார், வேறொருவரும் தமக்கு இல்லையென்று எண்ணினார். ஒரு நாள் மார்மோன்டெல் என்ற பிரெஞ்சு ஆசிரியரின் நினைவுக் குறிப்புகளில், தகப்பனை இழந்த சிறுவன் குடும்பத்துக்குத் தானே எல்லாமாக இருப்பேனென்று உறுதிகொள்ளும் இடத்தைப் படித்துக் கண்ணீர் விட்டார். அந்தக் கணம் முதல் சுமை இறங்கத் தொடங்கிற்று. அதன் பின்னும் 1858 வரையில் அதே உத்தியோகத்தில் இருந்தார். இந்த விருத்தாந்தமோ, அவர் இறந்த 1873ஆம் ஆண்டில் சுயசரிதை அச்சான பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. நீ மறைப்பது விறகின்மேல் நீ தெளித்துக்கொண்டே இருக்கும் தண்ணீர், அப்பா. காட்டாத வரையில் உலராது.

சீடன்: ஆனால் அஞ்சத் தக்கதை அஞ்ச வேண்டுமென்றுதானே வள்ளுவரும் அறிவுடைமையில் சொல்கிறார்?

குரு: ஆம், அதை அறிவாளர் தொழிலாகவே சொல்கிறார். பொய்க் கணக்கில் கையெழுத்திட அஞ்சு. அந்த அச்சத்துக்கு முகம் உண்டு, முடிவும் உண்டு. கையெழுத்திட மறுத்ததும் அது தீர்ந்துபோகிறது. நள்ளிரவுக் கூட்டலுக்குப் பின் உன் அச்சம் தீர்கிறதா?

சீடன்: இல்லை. வேறொரு கணக்குக்குத் தாவுகிறது.

குரு: ஆகையால் அது அறிவின் அச்சமன்று. இப்போது சோதனைக்கு வா. முதல் கூட்டல் தொழிலுக்குரியது, இரண்டாவது ஜாக்கிரதைக்குரியது, அவ்விரண்டையும் ஒருபோதும் விடாதே. மூன்றாவதை ஒரே ஒரு கணக்கில் மட்டும் விட்டுப் பார். வியதிரேகத்தை அப்போதுதான் முதன்முதலாகக் காண்பாய்.

சீடன்: விட்ட இடத்தில் பிசகு வந்துவிட்டால்?

குரு: திருத்துவாய். மாடிப்படியில் உட்கார்ந்திருந்த மனிதன் திருத்துவான். அவனை நீ பார்த்திருக்கிறாய். இன்னொரு காரணமும் உண்டு. உன்னிடம் தொழில் பழகுவோர் எத்தனை பேர்?

சீடன்: ஆர்ட்டிகிள் பையன்கள் ஐந்து பேர், ஐயா. (சற்று மௌனத்துக்குப் பின்) அவர்களில் ஒருவன், மிகவும் புத்திசாலி, சென்ற மாதம் தபால்காரர் கொடுத்த உறையை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அதை அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

குரு: சொல்லிக் கொடுக்காததைத்தான் பிள்ளைகள் சீக்கிரம் படிக்கிறார்கள். பேரேடு எழுதவும் வவுச்சர் சரிபார்க்கவும் அவன் கற்க ஆண்டுக்கணக்கில் ஆகும். இதற்கு அத்தனை நாள் தேவைப்படவில்லை. நாளைக்கு அவன் கண்ணெதிரில் ஓர் உறையை நேராகக் கிழித்துப் பிரி. உள்ளே கை நடுங்கினால் நடுங்கட்டும். எனக்கும் இப்படி இருப்பதுண்டு என்று அவனிடம் ஒரு வார்த்தை சொன்னாயானால் இன்னும் நல்லது.

சீடன்: அவனிடம் சொல்வதற்கு முன்னால் வீட்டில் சொல்ல வேண்டும். தங்களிடம் சொல்லிவிட்டபடியால் அதுவும் இனி இலகுவாயிருக்கும் என்று தோன்றுகிறது.

குரு: என்னிடம் சொன்னதை எண்ணிக்கையில் சேர்க்காதே. என்னிடம் நீ ஒரு தத்துவ வினாவாகக் கொண்டுவந்தாய். வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் நான் என்ற சொல் வந்தது. உன் மனைவியிடம் மில்லும் வேண்டாம், உபாதியும் வேண்டாம். தாகம் என்று எந்தெந்த இரவுகளில் சொன்னாயோ, அந்த இரவுகளில் உண்மையில் என்ன செய்துகொண்டிருந்தாய் என்பதை மட்டும் சொல். அவளுக்கு அது முன்பே தெரிந்திருக்கவும் கூடும். தெரிந்திருந்தால், இத்தனை நாள் கேளாதிருந்ததற்கு அவளிடமும் ஒரு காரணம் இருக்கும். அதைக் கேட்டுக்கொள். அடுத்த மாதம் வரும்போது மூன்றாவது கூட்டலை விட்ட கணக்கு என்ன ஆயிற்று என்பதைக் கொண்டுவா. என் வாதத்துக்கு விரோதமாக இருந்தாலும் கொண்டுவா.