கடலைக் கேட்டறியும் பணிவு



இரவு முழுவதும் பாடுபட்டும் ஒரு மீன்கூட அகப்படாமல், கரையில் வலையைக் கழுவிக்கொண்டிருந்த இராயப்பரை நீங்கள் அறிவீர்கள். ஆழத்துக்குப் போய் வலையை இறக்கச் சொன்னவரோ தச்சர் மகன். "கடலைப்பற்றி உமக்கென்ன தெரியும்?" என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, பணிந்தார். அந்தப் பணிவு நம்மிடம் உண்டா?

கல்முனையிலிருந்து தெற்கே சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் ஆகியவற்றைக் கடந்தால் ஒலுவில். பெரும்பாலும் நம் முஸ்லிம் சகோதரர்கள் தொழில் செய்யும் கரை அது. வணிகக் கப்பலுக்கும் மீன்பிடிக்குமாக அங்கே கட்டப்பட்ட துறைமுகம் 2013ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. நல்ல நோக்கந்தான், அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கரையோரத்து மணல் ஓரிடத்தில் கிடப்பதன்று. அலை சாய்வாக வந்து அடிக்க அடிக்க, அது கரையோடு நகர்ந்துகொண்டே இருக்கும். இந்தப் பக்கத்தில் அதன் மொத்த ஓட்டம் வடக்கு நோக்கியது. துறைமுகத்தின் கற்சுவர்கள் அந்த ஓட்டத்தை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்தது. துறைமுக வாயையும் அடைத்து, படகு போய்வர முடியாமற் செய்தது. வடக்கேயோ, அலை கொண்டுபோன மணலுக்கு ஈடாக வேறு மணல் வரவில்லை. கரை அரிபட்டது, தென்னைகள் சாய்ந்தன, தோணி ஏற்றிவைக்கவும் கரைவலை இழுக்கவும் இடம் குறைந்தது. யாருடைய சோறு போயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை.

கடலை ஆராய்வது படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் திகதியை மறந்துவிட்டோமா? சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கிய பின், அலை நம் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சென்றது. பசிபிக் சமுத்திரத்தில் அப்போதே எச்சரிக்கை ஏற்பாடு இருந்தது. நம் சமுத்திரத்தில் இல்லை. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை.

அறிஞர்கள் வராமலும் இல்லை. 1978 முதல் 1980 வரை 'டாக்டர் பிரிட்ஜொப் நான்சன்' என்ற நோர்வே ஆராய்ச்சிக் கப்பல் இலங்கைக் கடலில் மீன்வளத்தை ஆராய்ந்தது. 2018இல் அதே பெயர் கொண்ட புதிய கப்பல் மீண்டும் வந்தது. கடலுக்குள் ஒலியை அனுப்பி, திரும்பும் எதிரொலியைக் கொண்டு மீன் கூட்டத்தை மதிப்பிடுவார்கள். 1981இல் சட்டத்தின்மூலம் நிறுவப்பட்ட 'நாரா' எனும் நீர்வாழ் வள ஆராய்ச்சி நிறுவனமும் நமக்கு உண்டு. ஒலுவிலிலேயே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆயினும் கரைவலைக்காரர் கண்டதும் கருவி கண்டதும் ஒன்றுசேர வேண்டாமா? எந்தக் காற்றுக்கு மணல் எப்பக்கம் ஓடும் என்பதைக் கால் பதித்து அறிந்தவர் அவர்.

வலை கிழியத் தொடங்கியபோது இராயப்பர் மற்றப் படகிலிருந்தவர்களைச் சைகை காட்டி அழைத்தார். நம் கரையில் அந்த மற்றப் படகு, தொழுகை முடித்துக் கடலுக்குப் போகும் அயலவருடையது. இந்த ஞாயிறு பூசை முடிந்ததும், உங்கள் ஊரில் வயதில் மூத்த மீனவர் ஒருவரிடம் போய், அவர் சிறுவனாயிருந்தபோது கடல் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று கேளுங்கள். அவர் காட்டும் இடத்தைக் காலடியால் அளந்து, பிள்ளைகளைக் கொண்டு ஆண்டையும் சேர்த்து எழுதி வையுங்கள்.