அடுத்தவர் தோல்வியில் என் நம்பிக்கை

2025 பிப்ரவரி 2ஆம் நாள். நெதர்லாந்தின் கடலோரச் சிற்றூரான வைக் ஆன் ஜீயில் புகழ்பெற்ற சதுரங்கப் போட்டியின் 13ஆம் சுற்று. அதுவே இறுதிச் சுற்று. 18 வயது குகேஷும் 19 வயது பிரக்ஞானந்தாவும் சமப் புள்ளிகளுடன் முதலிடத்தில் நின்றனர். இருவரும் சென்னைப் பிள்ளைகள். 2024இல் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் ஒரே அணியில் தங்கம் வென்றவர்கள்.

அன்று அவர்கள் தமக்குள் மோதவில்லை. குகேஷ், அதே அணித்தோழர் அர்ஜுன் எரிகைசியிடம் முதலில் தோற்றார். பிரக்ஞானந்தாவோ ஜெர்மானிய இளைஞர் வின்சென்ட் கைமருடன் போராடிக்கொண்டிருந்தார். சமன் செய்தாலே பட்டம் அவருக்கு. குகேஷ் செய்யத்தக்கது இனி ஏதுமில்லை. எஞ்சிய நம்பிக்கை, தோழரின் தோல்வி ஒன்றே.

அவ்வேளை அவர் உள்ளத்தில் ஓடியதை ஆராய்வது நம் வேலையன்று. அந்த இருக்கையில் நம்மை அமர்த்திப் பார்ப்போம்.

பலகையின் முன் இருக்கும்வரை அறம் எளிது. எதிராளி தவறினால் அதைப் பயன்படுத்தியே ஆகவேண்டும். இரங்கி விட்டுக்கொடுப்பது அவரை அவமதிப்பதாகும். எழுந்து வந்தபின்தான் சிக்கல். கைக்கு வேலையில்லை, விருப்பத்திற்கு மட்டுமே வேலை. நாம் விரும்புவதால் எவருடைய காயும் நகராதே என்பீர்கள். மெய்தான். ஆனால் நம் ஆண்டவர் மலைப்பொழிவில் கையோடு நின்றுவிடவில்லை, உள்ளத்தையே விசாரிக்கிறார். எனக்கு இன்னொரு வாய்ப்பு வேண்டுமென விரும்புவது குற்றமன்று. அவ்வாய்ப்பு மற்றவர் வீழ்ந்தால் மட்டுமே வருமெனில், எதை விரும்புகிறேன்? அறநூல் வல்லார் இரண்டையும் பிரித்துக் காட்டுவர். எனக்கு அது கைவரவில்லை.

பிரக்ஞானந்தாவும் தோற்றார். 8.5 புள்ளிகளுடன் மீண்டும் சமம். அன்றே நடந்த அதிவேக ஆட்டங்களில் ஆளுக்கொன்று வென்றபின், மூன்றாவதில் வென்று பிரக்ஞானந்தா பட்டம் பெற்றார்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கல்லூரியின் காத்திருப்போர் பட்டியலில் என் மகன் பெயர் முதலாவதாக இருந்தது. ஒன்பது நாள் ஆரோக்கிய அன்னைக்கு நவநாள் செபித்தோம். பத்தாம் நாள் அழைப்பு வந்தது. யாரோ ஒரு பிள்ளை கட்டணம் செலுத்தவில்லையாம். நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுத்தோம். அந்தப் பிள்ளை யாரென்று நான் விசாரிக்கவில்லை.