கன்றின் குருதியும் தோலின் வளர்ச்சியும்

உடலினின்று பிரித்தெடுத்த தோற்கலங்கள் உப்பும் வெல்லமும் கரைந்த நீரில் இட்ட மாத்திரத்தே பெருகிவிடுவதில்லை. அவற்றைப் பெருக்கும் பொருள்கள் குருதியில் உள்ளன. ஆகவே, உறைந்த குருதியினின்று பிரியும் தெளிந்த நீராகிய சீரத்தை ஆய்வாளர் வளர்ப்பூடகத்திற் சேர்க்கலாயினர். அவற்றுட் சிறந்ததென நெடுங்காலம் கொள்ளப்பட்டது பிறவாக் கன்றின் சீரம். சினைப்பசு இறைச்சிக்காக வெட்டப்பட்டபின், வயிற்றிலிருந்து எடுத்த கருக்கன்றின் இதயத்தில் ஊசி செலுத்திக் குருதி உறிஞ்சப்படுகின்றது. அக்கன்று வலியை உணருமா என்பது இன்றும் விவாதத்துக்குரியதாகவே உள்ளது.

பயனையும் சிறிதென்று தள்ளிவிட இயலாது. 1975 இல் றைன்வால்டும் கிறீனும் மனிதத் தோலின் மேற்படைக் கலங்களைச் சுண்டெலிக் கலங்களின் துணையோடு, சீரம் சேர்ந்த ஊடகத்தில் தொடர்ந்து வளர்க்கும் வழியைக் கண்டனர். 1983 இல் அமெரிக்காவில் உடலின் பெரும்பகுதி எரிந்த இரு சிறுவர், இவ்வாறு வளர்த்த தத்தம் தோலாலேயே போர்த்தப்பட்டு உயிர்பிழைத்தனர். தீப்புண் நமக்குத் தொலைவான செய்தியன்று. மாத்தளை மாவட்டத்து வஹகோட்டை போன்ற ஊர்களில் மின்சாரம் எட்டுமுன் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கே இரவுத் துணை. அது சரிந்தால் எரிவது பெரும்பாலும் அருகிலிருப்பவரின் உடல். (எளிதிற் சரியாத விளக்கொன்றை அமைத்துப் பரப்பிய மருத்துவர் விஜய கொடகும்புர 1998 இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். அத்தொண்டுக்கு எக்கன்றின் குருதியும் தேவைப்படவில்லை என்பதை நம் ஆய்வாளர் ஒருகணம் எண்ணிப் பார்க்கலாம்.)

ஆய்வுகூடத்திற்கென எப்பசுவும் கொல்லப்படுவதில்லை. எஞ்சியதைப் பயன்படுத்துவதில் என்ன குற்றம்? இவ்வினா நமக்குப் புதிதன்று. தனக்கெனக் கொன்றதைக் காணாமலும் கேளாமலும் ஐயுறாமலும் இருப்பின் துறவி ஊனை ஏற்கலாம் என்பது பௌத்த விநயம். வள்ளுவரோ புலான்மறுத்தலில், உண்போர் இலரேல் விற்போரும் இலர் என்ற கருத்தால் பழியை வாங்குவோர்மீதும் சுமத்துகின்றார். சமண நூலாகிய நீலகேசியும் பௌத்தரின் ஊனுணவைக் கண்டித்து வாதிடுகின்றது.

விநயத்தின் அளவுகோல் இங்கே முழுமையாகப் பொருந்தாது என்பதே என் கருத்து. பசுவின் சாவு இறைச்சிக்காக; ஆனால் கன்றின் நெஞ்சில் ஏறும் ஊசி ஆய்வுகூடத்திற்காகவே. தாய் இறந்தபின் கன்று பிழைக்காது என்பது உண்மையாயினும், அந்த ஊசிக்கு வேறு காரணம் எதுவுமில்லை. அதன் ஒரே கொள்வோர் நாமே. வள்ளுவர் வாதம் பசுவின் பொருட்டு நம்மைத் தொடாது போகலாம். கன்றின் பொருட்டுத் தொடுகின்றது.

தேவையென்னும் வாதத்தையும் சோதிக்க வேண்டும். கல்சியம் குறைந்த ஊடகத்தில் சுண்டெலியின் மேற்றோற்கலங்கள் முதிராது பெருகுகின்றன என்பதை 1980 இல் ஹென்னிங்ஸ் குழுவினர் காட்டினர். 1983 இல் பொய்சும் ஹாமும் மனித மேற்றோற்கலங்களைச் சீரமின்றியே வளர்த்தனர். அக்கலங்களை முதிர்வித்துப் பெருக்கத்தை நிறுத்தும் பொருள்கள் சீரத்திலேயே உண்டு! அங்ஙனமாயின் அவற்றிற்குச் சீரம் இடுவது பல வேளைகளில் பழக்கமேயன்றித் தேவையன்று.

உட்தோலின் நார்க்கலங்கள் வேறு. சீரத்தில் அவை செழிக்கின்றன. சீரமற்ற ஊடகத்திற்கு அவற்றைப் படிப்படியாகப் பழக்க வேண்டும். அதற்கு நாளும் பணமும் செல்லும். பழைய முடிவுகளோடு ஒப்பிடுவதும் கடினமாகும். இச்சுமையை ஒரு பட்டப்பின் மாணவனின் குறுகிய ஆய்வுக்காலத்தின்மீது ஏற்றுவதா, ஆய்வுக்குப் பணம் வழங்குவோர்மீது ஏற்றுவதா என்பதை எந்த ஒழுக்கநெறிக் குழுவும் முதலிலேயே கேட்டாக வேண்டும்.